எல்லாம் 'காமம்' ஆகிவிடாது

கேள்வி: பழைய அரபு நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஷஹ்வா, ஷபக், குல்மா மூன்றையும் 'காமம்' என்றே எழுதிவிட்டேன். சரிபார்த்துத் தருவதாக ஒருவர் பக்கக் கணக்கில் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் இருக்கட்டும், முதலில் சொற்களைப் பார்ப்போம். ஷஹ்வா பொதுச்சொல், சாப்பாட்டின் மீது வரும் ஆசையும் அதுதான். குர்ஆன் 3:14-இல் அதன் பன்மை பெண்கள், பிள்ளைகள், பொன், வெள்ளி, குதிரை, கால்நடை, விளைநிலம் அத்தனையையும் சுட்டுகிறது. அங்கே 'காமம்' என்று போட்டால் விளைநிலத்தை என்ன செய்வீர்கள்? குல்மா, உடலில் மூளும் வேட்கை. அது கட்டுமீறினால் ஷபக்.

1038-இல் மறைந்த மொழியறிஞர் ஸஆலபி, 'ஃபிக்ஹுல் லுகா' என்ற அரபுச் சொல்நூலில் இந்த வேட்கைக்கு உயிருக்கொரு வினைச்சொல் தருகிறார். மனிதனுக்கு இக்தலம, ஆண் ஒட்டகத்துக்கு ஹாஜ, வெள்ளாட்டுக் கிடாவுக்கு ஹப்ப. ஹாஜ வந்தால் 'மதம் பிடித்தது' என்று தயங்காமல் எழுதுங்கள்.

இக்தலம மட்டும் ஏமாற்றும். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில், நபித்தோழர் தமீம் அத்தாரியின் கப்பல் பயணச் செய்தியில் அது கடலுக்கு வருகிறது: கடல் கொந்தளித்தது, ஒரு மாதம் அலைகள் அலைக்கழித்தன. புளித்துக் கடுப்பேறிய பானத்துக்கும் அதே வினைதான் வரும். ஆகவே எழுவாயைப் பார்க்காமல் பொருள் எழுதாதீர்கள். கடலா, பானமா, ஆளா? மூன்று முறை கேளுங்கள்.

லிஸானுல் அரப் என்ற பேரகராதியின் பழைய பதிப்பில் சொல்லின் வேரில் வரும் கடைசி எழுத்தைக் கொண்டு தேட வேண்டும். குல்மாவின் வேர் மீம் என்ற மகர எழுத்தில் முடிவதால், அது மீம் பகுதியில் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் இலக்கணம் ஒப்பிக்க வைக்கும் வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். தேர்வில் வராதாம்!

இனி உங்கள் 'சரிபார்ப்பவர்'. இந்தத் துறையில் ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு 'அரபு மூலத்திலிருந்து' என்று விற்பவர்கள் மலிந்துவிட்டார்கள். நஃப்ஸாவி அரபில் எழுதிய காமநூல் 'நறுமணத் தோட்டம்'; அதை ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டன் 1886-இல் ஆங்கிலமாக்கியதே பிரெஞ்சு வழியாகத்தான். அதிலிருந்து தமிழுக்கு வந்தால் மூன்றாம் கை. அரபுப் பக்கம் ஒன்றை நீட்டி, குல்மாவை உங்கள் கண்முன்னே அகராதியில் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியைத் தேடினால், முன்பணம் கொடுக்காதீர்கள்.