போனை ஒட்டுக்கேட்க நீதிபதி கையெழுத்து வேண்டுமா?

போனை ஒட்டுக்கேட்கும் முன் போலீஸ் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டியதில்லை. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போதும். மத்திய அமைப்புக்கு மத்தியச் செயலாளர், மாநிலப் போலீசுக்கு மாநிலச் செயலாளர். 1885 தந்திச் சட்டம் தந்த அதிகாரம் இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 20(2) பிரிவில் இருக்கிறது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்று 1996-ல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் வாதாடிப் பார்த்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்ற சுப்ரீம் கோர்ட், கட்டுப்பாடுகளை மட்டும் விதித்தது. இன்றைய விதிப்படி ஓர் உத்தரவுக்கு ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் 180-ஐத் தாண்டக்கூடாது. ஏழு வேலை நாளுக்குள் நகல் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும்.

அந்தக் குழுவில் மத்தியில் கேபினட் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். அதாவது, அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரிகளே சரிபார்க்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இக்குழுவின் முன் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வருவதாக 2018-ல் தரவுப் பாதுகாப்பு பற்றிய ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கை சொன்னது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல்! படித்துத்தான் பார்க்கிறார்களா?

குற்றப்பத்திரிகையுடன் போன் உரையாடல் பதிவையும் சேர்த்திருக்கிறார்கள். எதைச் சரிபார்ப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

முதலில் ஒட்டுக்கேட்பு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதன் தேதியையும் ஒவ்வொரு அழைப்பின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 61-வது நாள் அழைப்புக்கு நீட்டிப்பு உத்தரவு இருக்க வேண்டும். காரணம் எழுதியிருக்கிறதா, அல்லது சட்ட வாசகத்தையே திருப்பி எழுதியிருக்கிறார்களா? அவசரமென்று போலீஸ் அதிகாரியே தொடங்கியிருந்தால், மூன்று வேலை நாளில் தெரிவித்து, ஏழு வேலை நாளில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். மறுஆய்வுக் குழுவுக்குப் போன ஆதாரத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் கோப்பு ஓட்டையாவது இங்கேதான்.

2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் மத்திய உள்துறை 2011-ல் போட்ட உத்தரவை ரத்து செய்தார். சட்டம் கேட்கும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், குற்றம் கண்டுபிடிக்க மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றார். குழுவின் முன் பதிவுகளை வைக்காததும் ஒரு காரணம். ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவு ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று வேறு வழக்கில் சொன்னது. எனவே உங்கள் வழக்கு எந்த மாநிலத்தில் என்பதும் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை: முறைகேடாகக் கிடைத்த சாட்சியம் என்பதாலேயே நம் நாட்டில் அது தள்ளுபடியாகாது, சுப்ரீம் கோர்ட்டின் 1972 மல்கானி தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. விசாரணை நீதிமன்றத்தில் ஆட்சேபித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு உத்தரவையே தாக்குவது மேல்.

அமெரிக்காவில் இதற்கென்றே கோர்ட் உண்டாமே?
– வாசகர், கோவை

உண்டு. 1978 சட்டத்தில் வந்தது, 11 நீதிபதிகள். வெளிநாட்டு உளவு தொடர்பான மனுக்களை ரகசியமாகக் கேட்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பொதுவாகக் கிடையாது. 1979 முதல் 2012 வரை முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களில் முழுதாக நிராகரித்தவை 11. திருத்தி எழுதச் சொல்லித் திருப்பியவை இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்ல வேண்டும்.

யாருடன் பேசினேன் என்ற பட்டியலை வாங்கவும் உள்துறை அனுமதி வேண்டுமா?
– வாசகர், நெல்லை

அது சி.டி.ஆர்., அதாவது அழைப்பு விவரப் பதிவு. பேச்சு அதில் இருக்காது. எண், நேரம், டவர் போன்ற விவரங்களே இருக்கும். அதற்கு உள்துறைச் செயலாளர் வரை போக வேண்டியதில்லை.