நெகட்டிவ் என்றாலே கெட்டதா? உளவியல், சமூகவியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுடையவை. மீதி பெற்றோர்கள், இரண்டு மூன்று போட்டித் தேர்வுத் தம்பிகள். முப்பது வருடம் பி.எட். வகுப்பில் கல்வி உளவியல் நடத்தியவன் என்பதால் எனக்கு இந்தக் குழப்பங்கள் எல்லாம் பழைய சிநேகிதர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பொருளில் இருக்கும் சொல், தெருவுக்கு வந்ததும் வேறு பொருளில் புழங்க ஆரம்பித்துவிடுகிறது. பரீட்சை ஹாலில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே? என்னிடம் இருக்கும் கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது. (தகுதித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, திண்டுக்கல்)

இல்லை அம்மா. அந்தப் பக்கத்தைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

‘வலுவூட்டல்’ என்ற சொல் வந்தாலே ஒரு நடத்தை கூடுகிறது என்று அர்த்தம். ‘தண்டனை’ என்றால் ஒரு நடத்தை குறைகிறது. நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது அல்ல. வெறும் கூட்டல், கழித்தல் குறிகள். ஒன்றைக் கொடுத்தால் நேர்மறை, ஒன்றை எடுத்தால் எதிர்மறை. கொரோனா காலத்தில் ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அதே மாதிரி இங்கேயும் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலியை வைத்துச் சோதனை செய்த பெட்டியில் தரையில் லேசாக மின்சாரம் பாயும். எலி நெம்புகோலை அழுத்தினால் அது நிற்கும். எலி அடிக்கடி அழுத்தக் கற்றுக்கொள்கிறது. தொல்லை கழிந்தது, நடத்தை கூடியது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். காரில் சீட் பெல்ட் போடும்வரை ‘டிங் டிங்’ என்று காதைத் துளைக்கிறதே, அதுவும் இதே கணக்குதான்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடம். சாக்லேட்டைச் சரியாக மூன்று வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளை கேட்கிறது, அம்மா மறுக்கிறார். பிள்ளை தரையில் விழுந்து புரள்கிறது. வரிசையில் நிற்கும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா ஒரு பத்து ரூபாய் சாக்லேட்டை எடுத்துக் கையில் திணிக்கிறார். அழுகை பட்டென்று நின்றுவிடுகிறது.

இங்கே பாடம் படித்தது யார்? இருவருமே. பிள்ளைக்குச் சாக்லேட் கிடைத்தது, ஆகவே அழுகை கூடும்; அது நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்குக் காதைக் கிழிக்கும் சத்தமும் அவமானமும் நீங்கின, ஆகவே வாங்கிக் கொடுப்பது கூடும். அது எதிர்மறை வலுவூட்டல். பிள்ளை அம்மாவைப் பழக்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொரு நுணுக்கம். ‘சில நாள் கொடுப்பேன், சில நாள் கண்டிப்பாக இருப்பேன்’ என்கிற பெற்றோர்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கும் பரிசு உண்டாக்கும் பழக்கம் லேசில் விடாது. சூதாட்ட மெஷின் ஆளைக் கட்டிப்போடுவது இப்படித்தான். ஒருநாள் உறுதியாக நிறுத்தினால் முதலில் அழுகை இன்னும் பெரிதாகும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

தேர்வுக்காக மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிப்பது நேர்மறைத் தண்டனை. போனைப் பிடுங்கி வைப்பது எதிர்மறைத் தண்டனை. பள்ளியில் முதலாவதைச் செய்யக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்கிறது. அதையும் கேட்பார்கள்.

எங்கள் பள்ளியில் டியூஷன் போகும் பிள்ளைகள்தான் கணக்கில் குறைவாக மார்க் எடுக்கிறார்கள். அப்படியானால் டியூஷன் வீண்தானே? (பெற்றோர், கரூர்)

குறைவாக மார்க் எடுக்கிற பிள்ளையைத்தானே டியூஷனுக்கு அனுப்புகிறோம்? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் வீட்டில் இருப்பவர்களைவிட நோயாளிகளாக இருக்கிறார்கள், அதனால் ஆஸ்பத்திரிதான் நோயைத் தருகிறது என்று சொல்வது போல இருக்கிறது இது.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடினாலோ, ஒன்று கூட மற்றது குறைந்தாலோ அதற்கு ஒட்டுறவு என்று பெயர். எது காரணம், எது விளைவு என்பதை அது சொல்லாது. சில சமயம் மூன்றாவது ஆள் ஒருவர் பின்னால் நிற்பார். நுங்கு விற்பனை கூடும் மாதங்களில் கரண்ட் பில்லும் கூடுகிறது. நுங்கு தின்றதால் ஏறியதா பில்? வெயில்.

டியூஷன் பயன்தருகிறதா என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால், ஒரே மாதிரியான பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பெற்றோர் சம்மதிப்பார் என்பது வேறு விஷயம்.

ஆன்லைன் டெஸ்டில் என் மகளுக்கு ஐக்யூ 145 வந்திருக்கிறது. என்ன படிக்க வைக்கலாம்? (ஈரோடு)

அவளுக்குப் பிடித்ததை. ஐக்யூ அளவில் சராசரி 100. நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 130-ஐத் தாண்டுபவர்களே நூற்றுக்கு இரண்டு பேர்தான். இணையத்தில் எல்லோருக்கும் 140 வருகிறது என்றால் கோளாறு எங்கே என்று புரிந்திருக்கும். 1905-இல் பாரீஸில் பினே என்பவரும் சிமோன் என்பவரும் முதல் சோதனையை உருவாக்கியது மேதைகளைத் தேட அல்ல, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய.

பைபாஸில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். முப்பது பேர் நின்றார்கள், ஒருவரும் தொடவில்லை, பாதிப் பேர் வீடியோ எடுத்தார்கள். மனிதாபிமானம் செத்துவிட்டதா சார்? (வாசகர், பெரம்பலூர்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ‘முப்பது பேர் இருந்தும்’ என்று யோசிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. பல நேரங்களில் முப்பது பேர் இருந்ததால்தான் யாரும் வரவில்லை.

1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ஒரு பெரிய நாளிதழ் எழுதியது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. பலர் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். செய்தி ஓட்டை என்றாலும் அது கிளப்பிய கேள்வி நல்ல கேள்வி.

டார்லி, லட்டானே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 1968-இல் வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக்கில் பேசவிட்டார்கள். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோலத் திணறும். உண்மையில் அது பதிவு செய்த குரல். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? அறைக்குள் போய்ப் பார்த்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. “அவருக்கு ஒன்றும் இல்லையே?” என்று அவர்களே கேட்டார்கள். பொறுப்பு ஐந்தாகப் பங்குபோய், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது.

இதையும் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நாடுகளில் தெருச் சண்டைகளைக் கண்காணிப்பு கேமராப் பதிவுகளில் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்திருந்தார். நம் ஊர்களில் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வருமோ என்ற பயம் தனியாக உண்டு. அதற்கு 2016-இல் உச்ச நீதிமன்றமே வழிசெய்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ பிரிவாகச் சேர்ந்தது. உதவ வந்தவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது.

ஒருமுறை மழையில் வண்டி சறுக்கி ரவுண்டானா ஓரம் நானே கிடந்தேன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வலியிலும் வாத்தியார் புத்தி போகுமா? “நீலச் சட்டைத் தம்பி, நீதான், 108-க்குப் போன் போடு. பூக்கார அம்மா, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுங்க” என்றேன். அப்புறம் நான்கு பேர் என்னைத் தூக்கப் போட்டி போட்டார்கள். ‘யாராவது’ என்று கூப்பிடாதீர்கள். ஒருவரைச் சுட்டிக் கூப்பிடுங்கள்.

சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், யாரிடம் போவது? (பெயர் வேண்டாம்)

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர், மருந்து எழுதலாம். சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். பேச்சு வழியே சிகிச்சை தருவார், மருந்து தரமாட்டார். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆதிக்கச் சாதி என்றால் சடங்கில் உயர்ந்த சாதி என்று எழுதினேன், மார்க் குறைத்துவிட்டார்கள். ஏன்? (குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தஞ்சாவூர்)

சரியாகத்தான் குறைத்திருக்கிறார்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-இல் மைசூர் அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். எழுதும்போது அதற்கு ராம்புரா என்று புனைபெயர் கொடுத்தார். அங்கே சடங்கு வரிசையில் பிராமணர்கள்தான் மேலே. ஆனால் நிலமும் ஆள்பலமும் ஒக்கலிகர் என்ற விவசாயச் சாதியின் கையில். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். இதற்காகத்தான் ஆதிக்கச் சாதி என்ற கருத்தை அவர் முன்வைத்தார். எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு, பிற்பாடு மேலைக் கல்வி, அரசு வேலை, இவைதான் அதன் அளவுகோல்கள். சடங்கில் மேலே இருப்பது மட்டும் போதாது. அந்த வரிசையில் அடிமட்டத்தில் இல்லாமல் இருந்தாலே போதும், மற்ற அளவுகோல்கள்தான் முக்கியம்.

இதனால் இன்னொன்றும் வருகிறது. ஆதிக்கச் சாதி என்பது ஊருக்கு ஊர் மாறும். மாநிலம் முழுமைக்கும் ஒன்றைச் சொல்லி எழுதினால் மறுபடி மார்க் போகும். சினிமா விமர்சனத்தில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை மறந்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, ஏரி மீன் குத்தகை யார் கையில், கூட்டுறவுச் சங்கத் தலைவர் யார் வீட்டு ஆள், வாய்க்கால் தகராறை யார் திண்ணையில் பேசி முடிக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நான்கிற்கும் ஒரே பதில் வந்தால் எனக்கு எழுத வேண்டாம். வேறு வேறு பதில் வந்தால் கட்டாயம் எழுதுங்கள்.