ஒரே நாளில் நான்கு இடங்கள் வேண்டாம் டீச்சர்

வணக்கம் டீச்சர். ஈப்போவிலிருந்து நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் 40 பேரை ஒரே நாளில் கோலாலம்பூர் பக்கம் பத்துமலை, தேசிய அருங்காட்சியகம், கோளரங்கம், இரட்டைக் கோபுரம் நான்குக்கும் அழைத்துப்போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கோபுரத்தை விட்டுவிடுங்கள். நெரிசலில் பாதி நேரம் பேருந்திலேயே கழிந்துவிடும்.

முதலில் பத்துமலை முருகன் குகைக் கோயில். 272 படிகள், வெயில் ஏறிவிட்டால் சின்னப் பிள்ளைகள் துவண்டுபோவார்கள். அங்குள்ள குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பிடுங்கும், அதனால் பேருந்திலேயே பசியாறிவிட்டு இறங்குங்கள். நான் அழைத்துப்போனபோது ஒரு பையன் பொட்டலத்தைப் பறிகொடுத்து அழுதே விட்டான்.

அப்புறம் அருங்காட்சியகம். 1963இல் திறந்த கட்டடம். உள்ளே ஓடுவதற்கு முன் முகப்பிலுள்ள இரண்டு பெரிய மொசைக் சுவரோவியங்களை நின்று காட்டுங்கள், நம் நாட்டு வரலாறே அதில் இருக்கிறது. கோளரங்கம் பக்கம்தான், மதிய மழைக்கும் அதுவே நல்லது.