கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே ஜெபிக்கலாமா?

சகோதரரே, சேகரக் கமிட்டித் (சபை நிர்வாகக் குழு) தேர்தல் சண்டையில் மனம் வெறுத்து எட்டு மாதமாக வீட்டில்தான் ஜெபிக்கிறேன், அம்மா அதைப் பின்மாற்றம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, என்பது பெரிய வார்த்தை. அறைவீட்டின் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 6:6). ஆனால் மனிதர் காண ஜெபித்தவர்களைக் கண்டித்துச் சொன்னது அது. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருடைய வழக்கமாகவே இருந்தது (லூக்கா 4:16).

சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிற எபிரெயர் 10:25ஐ எல்லாரும் உங்கள்மேல் எறிந்திருப்பார்கள். முந்தைய வசனத்தையும் படியுங்கள். அன்புக்கும் நற்கிரியைக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடத்தான் கூடிவரச் சொல்கிறது. தனியாக இருந்து யாரை ஏவுவது? அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கும் கூட ஆள் வேண்டும். கட்டடம் அவசியமில்லை; ஆதிச் சபைக் காலத்துத் தம்பதியான ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டிலேயே சபை கூடியது. கொரிந்து சபையிலும் கட்சிச் சண்டைதான். அதற்காக வீட்டோடு இருங்கள் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுதவில்லை.

அதே சபைக்குத் திரும்ப வேண்டும் என்றும் இல்லை. நான் ஓராண்டு விலகியிருந்துவிட்டுப் பக்கத்து ஊர் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிறு அம்மாவோடு அப்படிப் போய்ப் பாருங்கள். கமிட்டிக்கு மட்டும் நிற்காதீர்கள்.