நுரையீரல் நிபுணர் ஆக எத்தனை வருடம் படிக்க வேண்டும்? வருமானம் எப்படி இருக்கும்?

ஆஸ்துமா, காசநோய், நிமோனியா, புகையால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு போன்றவற்றுக்குச் சிகிச்சை தருபவர்தான் நுரையீரல் நிபுணர். இந்தியாவில் முதலில் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்.; பயிற்சி வருடத்தோடு ஐந்தரை வருடம். அப்புறம் முதுநிலை நீட், 3 வருட எம்.டி. சுவாச மருத்துவம். இத்தோடு நிபுணர் ஆகிவிடலாம். விரும்புகிறவர்கள் மேலும் 3 வருடம் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பும் படிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு காலம்? மூச்சிரைப்பு என்று வருபவருக்குக் கோளாறு நுரையீரலில் இருக்கலாம், இதயத்தில் இருக்கலாம், வெறும் ரத்தசோகையாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியும் திறமை ஏராளமான நோயாளிகளைப் பார்த்த பிறகே வரும். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும், வென்டிலேட்டரைக் கையாள்வதும் அப்படித்தான்.

சரி, வருமானம்? தென்னை வைத்த மாதிரி. காய்ப்புக்கு வரத் தாமதம், வந்தபின் நீண்ட காலம் பலன். முதுநிலைப் படிப்பில் உதவித்தொகை மட்டும்தான். தமிழ்நாடு அரசுப் பணியில் உதவி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. தனியாரில் ஊரையும் அனுபவத்தையும் பொறுத்து மிகவும் மாறும். பணத்துக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

நுரையீரல் நிபுணர்தான் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சையும் செய்வார் என்று பலர் நினைக்கிறார்கள். அது நெஞ்சக அறுவை மருத்துவரின் வேலை, அதற்கான படிப்பே வேறு.