நெல்லை ஜங்ஷன் தண்டவாளங்கள்: கேட்டதும் சொன்னதும்

சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜங்ஷன் பக்கம் யாரைப் பார்த்தாலும் தண்டவாளத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்துவிடும். அப்படிச் சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேலப்பாளையம், கல்லூரி மாணவி: அண்ணாச்சி, ஈரடுக்குப் பாலத்தில் போகும்போது கீழே பார்த்தால் தண்டவாளம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. எங்கே ஆரம்பித்துப் புரிந்துகொள்வது?

தண்டவாளத்தை எண்ணாதே தாயி. எண்ணினால் தலைதான் சுற்றும். ஒரு வண்டி வந்தால் அது எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று மட்டும் பார்.

நெல்லைக்கு நான்கு திசையில் இருந்து பாதை வருகிறது. வடக்கே மணியாச்சி, தெற்கே நாகர்கோவில், மேற்கே தென்காசி, கிழக்கே திருச்செந்தூர். ஆனால் திசை நான்கு என்றாலும் ஸ்டேஷனுக்கு முனை இரண்டுதான். நான்கு பாதையும் இந்த இரண்டு முனையில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் தாளில் முதலில் நீளமாக ஒரு பெட்டி போட்டு, இடது முனை, வலது முனை என்று குறித்துக்கொள். எந்தப் பாதை எந்த முனையில் சேர்கிறது என்று வண்டியில் போகும்போது பார்த்து ஒவ்வொன்றாக வரை. பாதி சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதி பாதி, உள்ளே இருக்கும் லைன்களை வேலை பார்த்துப் பிரிப்பது. நடைமேடை உள்ள லைன்கள் ஒரு கூட்டம். சரக்கு வண்டி நிற்கவும், ஒரு வண்டி மற்றதற்கு ஒதுங்கவும் இருப்பவை இன்னொரு கூட்டம். பெட்டிகளுக்கு அடியில் இறங்கிச் சோதிக்கும் பிட் லைன், காலிப் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் லைன் எல்லாம் மூன்றாவது. இந்த மூன்றாவது கூட்டம்தான் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும். பயணிகள் வண்டி ஓடும் வழிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. முதல் தடவை வரையும்போது அதை விட்டுவிடலாம்.

கடையநல்லூர், வியாபாரி: நெல்லையில் இருந்து ராஜபாளையம் வழியாக மேட்டுப்பாளையம் போகும் வண்டியில், தென்காசி வந்ததும் இன்ஜினைக் கழற்றிப் பின்னால் மாட்டுகிறார்கள். முன்னால் பார்த்து உட்கார்ந்தவன் பின்னால் பார்த்துப் போகிறேன். ஏன்?

முனைக் கணக்குதான் அண்ணாச்சி. தென்காசியில் நெல்லைப் பாதையும் விருதுநகர் பாதையும் ஒரே முனையில் வந்து சேர்கின்றன. மறு முனை செங்கோட்டைக்குப் போகிறது. ஒரே முனையில் சேரும் இரண்டு பாதைக்கு நடுவே ஓட வேண்டிய வண்டி, வந்த முனை வழியாகவேதான் வெளியேற வேண்டும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகக் கொண்டுவந்து மறு கோடியில் மாட்டி, பிரேக்கைச் சோதித்த பிறகுதான் கிளம்பலாம். இதைத் தவிர்க்கத்தான் தென்காசிக்கு வெளியிலேயே இரண்டு பாதையையும் இணைக்கும் பைபாஸ் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

இதே அமைப்பு நாகர்கோவிலிலும் உண்டு. நெல்லைப் பாதையும் திருவனந்தபுரம் பாதையும் ஜங்ஷனின் ஒரே பக்கத்தில் சேர்கின்றன. மறுபக்கம் கன்னியாகுமரி. ஆனால் அங்கே இரண்டையும் வெளியிலேயே இணைக்கும் முக்கோணப் பாதை போட்டுவிட்டார்கள். அதனால் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் போகாமலே நாகர்கோவில் டவுன் வழியாகக் கேரளம் போய்விடுகின்றன. வந்தே பாரத், மெமு மாதிரி இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை உள்ள வண்டிக்கு இன்ஜின் மாற்றும் வேலையே இல்லை. லோகோ பைலட் மறு கோடிக்கு மாறினால் போதும்.

சென்னையில் வேலை பார்க்கும் பேட்டைக்காரர்: விடியக்காலையில் தச்சநல்லூர் பக்கம் வந்து வண்டி அவுட்டரில் நின்றுவிடுகிறது. உள்ளே நடைமேடை காலியாக இருப்பது போனில் விசாரித்தாலே தெரிகிறது. காலியாக இருந்தும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

எல்லோருக்கும் எரிச்சல் வரும் இடம் இது. அதனால் விரிவாகவே சொல்கிறேன் தம்பி.

நீங்கள் அவுட்டர் என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஹோம் சிக்னல், அதாவது ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதி தரும் சிக்னல். அது விழ வேண்டும், அதாவது வண்டி வரலாம் என்று காட்ட வேண்டும் என்றால் நடைமேடை காலியாக இருந்தால் மட்டும் போதாது. மூன்று விஷயம் சேர வேண்டும்.

முதலாவது, ஹோம் சிக்னலில் இருந்து நடைமேடை வரை உள்ள வழி முழுவதும் காலியாக இருக்க வேண்டும். வண்டியை ஒரு லைனில் இருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் நகரும் தண்டவாளத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். வழியில் உள்ள ஒவ்வொரு பாயிண்டும் உங்கள் வண்டிக்கு ஏற்றபடி திரும்பிப் பூட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வழியை வேறு எந்த வண்டியின் வழியும் வெட்டக் கூடாது. முனையில் ஒரு வண்டி கடைசி நடைமேடையில் இருந்து குறுக்காக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தாண்டும் வரை நடுவில் உள்ள நடைமேடைகளுக்கு யாரும் வர முடியாது. அவை எல்லாமே காலியாக இருந்தாலும் சரி. நெரிசல் உண்டாவது நடைமேடையில் அல்ல, முனையில். காலை நேரத்தில் பாசஞ்சர் வண்டி கிளம்புவதும், காலிப் பெட்டிகளைப் பிட் லைனுக்குத் தள்ளுவதும், எக்ஸ்பிரஸ் வருவதும் அந்தக் கொஞ்ச நீளத்தில்தான் மோதுகின்றன. தென்காசி, திருச்செந்தூர் லைன்கள் ஒற்றைப் பாதை. அங்கிருந்து வரும் வண்டியை உள்ளே எடுத்தால்தான் இங்கிருந்து இன்னொன்றை அனுப்ப முடியும். அதனால் எக்ஸ்பிரஸை நிறுத்திவிட்டுச் சின்ன வண்டியை முதலில் எடுப்பதும் உண்டு. பார்க்க அநியாயமாகத் தெரியும். ஆனால் மொத்தத் தாமதம் அதில்தான் குறையும்.

மூன்றாவது, வெளியே யாருக்கும் தெரியாதது. நடைமேடையின் கோடியில், வண்டி கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் இருக்கிறதல்லவா? வண்டி அதற்கு முன்னாலேயே நின்றுவிடும் என்றாலும், அதைத் தாண்டியும் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பிரேக் கொஞ்சம் பிசகி வண்டி தாண்டிப் போனாலும் எதிலும் மோதக் கூடாது என்பதற்காக. அந்த இடத்தில் வேறு வண்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தால், நடைமேடை காலியாக இருந்தும் ஹோம் சிக்னல் விழாது. இடம் இல்லாத ஸ்டேஷன்களில் இதற்குப் பதிலாக மணல் மேட்டில் போய் முடியும் ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். தண்டவாளம் எங்கேயும் போகாமல் மணலில் முடிவதைப் பார்த்தால் இப்போது காரணம் புரியும்.

ஸ்டேஷன் மாஸ்டர் தூங்குகிறார் என்று பெட்டியில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சிக்னலை இயக்கும் பேனலில் அவர் பட்டனை அழுத்தினாலும், இந்த மூன்றும் சேராமல் சிக்னல் விழாது.

வள்ளியூர், ஆசிரியர்: அப்படி என்றால் தவறான லைனுக்கு வண்டி போகவே முடியாதா? ஒடிசா விபத்து எப்படி நடந்தது?

சிக்னலும் பாயிண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். பாயிண்ட் ஒரு பக்கமும் சிக்னல் இன்னொரு பக்கமும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் உயிர். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாகாநாகா பஜார் ஸ்டேஷனில் உடைந்தது அதுதான் சார். கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் விழுந்திருந்தது. பாயிண்டோ, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பக்கத்து லைனான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றது. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்ற வேலையில் நேர்ந்த பிழை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் வந்தது. 290 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இன்டர்லாக்கிங் தானாகத் தவறுவது மிக அபூர்வம். அதைக் கழற்றி வேலை செய்து திரும்ப மாட்டும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஒரு கம்பியைத் தொட்டால்கூடத் திரும்பவும் முழுச் சோதனை செய்யாமல் வண்டியை விடக் கூடாது. வண்டி தாமதமானால் ஆகட்டும் என்று அந்த வேலையில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும்.

சேரன்மகாதேவி, பள்ளி மாணவன்: சிக்னலுக்கு மேல் சாய்வாக வெள்ளை விளக்கு வரிசை எரிகிறதே, அது என்ன அண்ணாச்சி?

நல்ல கண் உனக்கு. எந்த வழி அமைந்திருக்கிறது என்று லோகோ பைலட்டுக்குச் சொல்வது அது. ஒரு வரிசையில் ஐந்து வெள்ளை விளக்கு. இடது பக்கம் சாய்ந்தால் வண்டி இடது லைனுக்குப் பிரியும், வலது பக்கம் சாய்ந்தால் வலது. நேராக மெயின் லைனில் போவதாக இருந்தால் அது எரியாது. கீழே மஞ்சளும் மேலே வெள்ளை வரிசையும் சேர்ந்து எரிந்தால், வேகத்தைக் குறைத்துப் பக்கத்து லைனுக்குள் நுழையப் போகிறது என்று நீயே சொல்லிவிடலாம்.

பாளையங்கோட்டை, இல்லத்தரசி: ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி ஊர்ந்து, ஆடி, தடதட என்று சத்தம் போடுகிறது. தண்டவாளம் சரியில்லையா?

பயப்பட வேண்டாம் அம்மா. ஒரு தண்டவாளத்தில் இருந்து இன்னொன்றுக்குப் பிரியும் வளைவு ரொம்ப நெருக்கமானது. 12 அடி போனால் ஓர் அடி விலகும் வகையில் அமைந்த பாயிண்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகலாம். எட்டரைக்கு ஒன்று என்ற நெருக்கமான வகையில் 15தான். சக்கரத்தின் விளிம்பு குறுக்குத் தண்டவாளத்தைத் தாண்டுவதற்கு ஓர் இடைவெளி விட்டிருக்கும். சத்தம் அதில் வருகிறது.

டவுன், ஓய்வு பெற்ற தபால்காரர்: 1980களில் நாகர்கோவில் வண்டியும் மெட்ராஸ் வண்டியும் இதே ஸ்டேஷனில் நிற்கும், ஆனால் ஒன்று போகும் லைனில் மற்றது போகாது. அந்தக் காலத்து அமைப்பு எப்படி?

ஐயா, அது ஒரே ஊரில் இரண்டு ஸ்டேஷன் மாதிரி. தெற்கே இருந்து அகலப் பாதை 1981இல் நெல்லை வந்தது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். வடக்கே மதுரைப் பக்கம் அப்போதும் 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ்தான். திருச்செந்தூரும் தென்காசியும் அதே. அதனால் கன்னியாகுமரியில் இருந்து மெட்ராஸ் போகிறவர் இங்கே மூட்டையோடு இறங்கி வண்டி மாற வேண்டும். சரக்கையும் இறக்கி ஏற்ற வேண்டும். திருச்செந்தூர், தென்காசி லைன்கள் அகலமானது 2000க்குப் பிறகுதான். அதற்கு அப்புறம்தான் எந்த லைனில் இருந்தும் எந்த லைனுக்கும் போக வழி பிறந்தது. இன்றைக்கு முனையில் பாயிண்டுகள் இத்தனை இருப்பதற்கும் அதுவே காரணம்.

தாழையூத்து, ஆலைத் தொழிலாளி: இரண்டு தண்டவாளம் சேரும் இடத்துக்கு முன்னால் நடுவில் வெள்ளை அடித்த கல் ஒன்று இருக்கிறதே?

அதைத் தாண்டி ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து லைனில் வரும் வண்டி அதில் உரசும். வண்டி முழுவதும் அந்தக் கல்லுக்கு உள்ளே நின்றால்தான் பக்கத்து லைன் காலி என்று கணக்கு.

கங்கைகொண்டான், இரண்டு பிள்ளைகளின் தாய்: எங்கள் பக்கம் பிள்ளைகள் பாயிண்டில் கல்லை வைத்து விளையாடுகின்றன. அதனால் வண்டி கவிழ்ந்துவிடுமா?

கண்டிப்பாக நிறுத்த வேண்டிய விளையாட்டு தாயி. நகரும் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்ட வேண்டிய இடத்தில் 5 மில்லிமீட்டர் தடை இருந்தாலும் பாயிண்ட் பூட்டக் கூடாது என்பது விதி. அந்தக் கனத்தில் இரும்புத் துண்டை இடையில் வைத்து, பூட்டாமல் இருக்கிறதா என்று சோதிப்பதே எங்கள் வேலையில் ஒன்று. அதனால் கல் சிக்கினால் பெரும்பாலும் சிக்னல் விழாது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிடும், யாராவது நடந்து வந்து எடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு வகையில் இருக்கிறது. பாயிண்டைத் தூரத்தில் இருந்து மோட்டார் நகர்த்துகிறது. எப்போது நகரும் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கையோ காலோ இடையில் மாட்டினால் அது விடாது. தண்டவாளப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவுப்படி குற்றமும் கூட. கல் கிடப்பதைப் பார்த்தால் நீங்களே போய் எடுக்காதீர்கள். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடமோ கேட்கீப்பரிடமோ சொல்லுங்கள், அல்லது 139க்குப் போன் செய்யுங்கள்.