மலை இறங்கி மேட்ச் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர் நாங்கள். இதுவரை டிவியில்தான் கிரிக்கெட் பார்த்திருக்கிறோம். கோவையில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கள் காலை ஷிப்ட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். எந்த மேட்ச் பார்ப்பது, எங்கே உட்காருவது?

பதில்: கட்டாயம் போய்வாருங்கள். 2016-ல் தொடங்கிய இந்தத் தொடரில் ஆடிய நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் சாய் சுதர்சனும் பிறகு இந்திய அணிக்கே ஆடினார்கள். நாளை பெரிய ஆளாகப் போகிற ஒருவரை இருபது முப்பது அடி தூரத்தில் பீல்டிங் நிற்கப் பார்க்கலாம்.

முதலில், இரண்டு மேட்ச் இருக்கிற நாளாகத் தேடுங்கள். அப்படிப்பட்ட நாளில் வழக்கமாக முதல் மேட்ச் 3.15-க்கும் அடுத்தது 7.15-க்கும் தொடங்கும். உங்களுக்கு 3.15 மேட்ச்தான் சரி. ஏழு மணிவாக்கில் முடிந்ததும் கிளம்பினால் பத்து, பத்தரைக்குள் வீடு. ராத்திரி மேட்ச் முடியவே பத்தே முக்கால் ஆகும். நவஇந்தியா எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் வண்டியை வெளியே எடுத்து மேட்டுப்பாளையம் வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அதற்கு மேல் மலை ஏறாதீர்கள்.

காரணம் பனிமூட்டம் மட்டுமல்ல. டிஎன்பிஎல் நடக்கிற ஜூன், ஜூலைதான் நம் பக்கம் பலாப்பழக் காலம். கோத்தகிரி ஏறும் வழியில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் பழ வாசனைக்கு யானைகள் ரோட்டை ஒட்டியே வந்து நிற்கும். ஒருமுறை இதே போல மேட்ச் பார்த்துத் திரும்பும்போது, வளைவு திரும்பியதும் ரோட்டோரத்தில் ஒரு யானை காலால் பலாவை நசுக்கி, சுளையைத் தும்பிக்கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்படி எதிர்ப்பட்டால் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்து அணைக்க வேண்டாம், போட்டோ எடுக்க இறங்கவே கூடாது. ஏழு மணிக்குக் கிளம்பினாலும் இது பொருந்தும். ஆனால் அந்த நேரத்தில் ரோட்டில் துணைக்கு வேறு வண்டிகள் இருக்கும். ராத்திரி மேட்ச்தான் வேண்டுமென்றால் திங்கள் லீவு சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்தில் தங்கி, விடிந்ததும் ஏறுங்கள்.

இனி உட்காரும் இடம். பேட்ஸ்மேன் கண்ணில் மாலை வெயில் அடிக்கக் கூடாது என்பதால் பிட்ச்சைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். ஆகவே மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கும். கிழக்கில் உட்கார்ந்தவர் ஆறு மணி வரை கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். மேற்கில் இன்னொரு லாபம், பிட்ச் பக்கவாட்டில் தெரியும். பந்து எங்கே குத்துகிறது, கீப்பர் ஸ்டம்புக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதெல்லாம் டிவியில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஸ்பின் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் மட்டும் பவுலருக்குப் பின்னால் எல்லையில் நிற்கும் பெரிய திரையான சைட் ஸ்கிரீன் பக்கம் போய்ச் சில ஓவர் பார்த்துவிட்டு வரட்டும்.

நேரில் டிவி மாதிரி ஒவ்வொரு பந்துக்கும் ரீப்ளேயும் கமென்டரியும் கிடையாது என்பதால் முதல் கொஞ்ச நேரம் வெறிச்சென்று இருக்கும். பந்தை மட்டும் துரத்தாமல் கேப்டனின் கையைப் பாருங்கள். முதல் ஆறு ஓவரில், பிட்ச்சைச் சுற்றி மைதானத்தில் போட்டிருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வரை. அந்த ஓவருக்கு முன் யாரை எந்தப் பக்கம் அனுப்புகிறார் என்று கவனித்தால், அடுத்து என்ன பந்து போடப்போகிறார்கள் என்று ஆறு பேரும் பந்தயமே கட்டலாம், ஒரு டீக்கு. இன்னொன்று: மட்டையில் பந்து படுவது கண்ணில் தெரிந்த பிறகுதான் ‘டொக்’ என்ற சத்தம் வந்து சேரும். எண்பது மீட்டர் தள்ளி இருந்தால் கிட்டத்தட்ட கால் நொடி கழித்து. அந்தக் கால் நொடியைக் காதால் கேட்பதற்காகவே நான் இன்னும் மைதானத்துக்குப் போகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் அந்த மாதங்களில் கோவை அவ்வளவாகக் கொளுத்தாது. ஆனாலும் நமக்கு அது வெயில்தான், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். திடீர்த் தூறலும் உண்டு. மழையால் ஓவர் குறைந்தாலும், இரண்டாவது ஆடும் அணிக்கு ஐந்து ஓவராவது கிடைத்தால் முடிவு வந்துவிடும், அவசரப்பட்டு எழுந்து வராதீர்கள். ஸ்வெட்டரை வேனிலேயே வையுங்கள். குஞ்சப்பனை தாண்டினால் தேடுவீர்கள்.